மூன்று மணிக்குப் பறக்க வேண்டிய விமானம்

கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டால் நீ யாரோ, நான் யாரோ என்று பிரிட்டா போட்ட நிபந்தனைக்கு லோர்னா தலையாட்டி இன்றோடு பத்து நாள் ஆகிறது.

மகள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வயதுப் பெண். விமானம் ஓட்டப் படிக்கிறாள். அவள் ஓட்டுகிற விமானங்களைப் பழுதுபார்ப்பவர் அவள் அப்பா ஓரின். போதாததற்கு இப்போது அம்மாவும் வந்து சேர்ந்துவிட்டாள். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையை வசந்த காலத்தில் இழுத்து மூடிவிட்டதால், லோர்னா நாற்பத்தாறு வயதில் அதே ஹாலோவே கல்லூரியில் மாணவி. காலையில் இயற்பியல், மத்தியானம் புகைப்படக் கலை.

"நான் காலேஜுக்குப் போறேனா, இல்ல நம்ம வீட்டு சமையலறையிலயே உட்கார்ந்திருக்கேனா?" என்று அன்று சாப்பாட்டு மேஜையில் பிரிட்டா கேட்டாள். "ரெண்டே ரெண்டு விஷயம்மா. கிளாஸ்ல என்கிட்டப் பேசாத. நான் பறக்கறப்போ அந்தப் பக்கம் வராத."

முதல் நிபந்தனையை லோர்னா காப்பாற்றிவிட்டாள். இரண்டாவதை நேற்று மாலை மீறினாள். அது இன்னும் யாருக்கும் தெரியாது.

*

வியாழக்கிழமை காலை. வெளியே காற்று பிய்த்துக்கொண்டு போனது. கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் அடிக்கிற சத்தம் இயற்பியல் வகுப்புக்குள் கேட்டது.

ஆசிரியர் ஃபெர்கஸ் பரீட்சைத் தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். மதிப்பெண் தெரியாதபடி தாளைக் கவிழ்த்து வைக்கிற நல்ல மனிதர். ஆனால் லோர்னாவின் மேஜையில் மட்டும் நிமிர்த்தி வைத்தார். தொண்ணூற்றொன்று.

"இந்த வகுப்புல இதுதான் அதிகம்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

இரண்டு வரிசை முன்னால் பிரிட்டாவின் முதுகு விறைத்தது. அவள் தன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள். மடிப்பதற்குள் லோர்னா பார்த்துவிட்டாள். ஐம்பத்துநாலு.

நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக வெட்கப்பட முடியும் என்பதை லோர்னா அன்றுதான் தெரிந்துகொண்டாள். தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"மறைச்சு என்ன பண்ண, நான் பார்த்துட்டேன்," என்றாள் பக்கத்து நாற்காலி மரிசோல். முப்பத்தோரு வயது. விடியற்காலையில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை முடித்துவிட்டு வகுப்புக்கு வருபவள். இரண்டு குழந்தைகள். "அடுத்த பரீட்சைக்கு உங்க பேனாவை எனக்குக் குடுத்திடுங்க."

"பேனாவுக்கு ஒண்ணும் தெரியாது. காலைல நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்."

"நாலு மணிக்கு நான் எண்பது பேருக்கு முட்டை கிளறிட்டு இருக்கேன்." மரிசோல் குரலைத் தாழ்த்தினாள். "லோர்னா, இன்னிக்கு எனக்கு முதல் தனிப் பறப்பு. பயிற்சியாளர் கூட மூணு சுத்து. அப்புறம் அவர் இறங்கிடுவார். நான் மட்டும்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு. காத்து அதுக்குள்ள அடங்கிடும்னு சொல்றாங்க. காலைலதான் இந்தக் காத்தால எல்லாப் பறப்பும் ரத்து. எழுபத்தொண்ணாம் நம்பர் விமானம். என் அக்கா பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரா." தன் மேல்சட்டையைத் தொட்டுக் காட்டினாள். "முதல் தடவை தனியாப் பறந்து இறங்கினா முதுகுத் துணியை வெட்டி சுவத்துல மாட்டுவாங்க இல்ல, அதுக்குன்னே ஒரு பழைய சட்டை."

ஃபெர்கஸ் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் விமானம் படிப்பவர்கள் என்பதால் அவர் கணக்குகளில் எப்போதும் ஒரு விமானம் இருக்கும். இன்று புரொப்பெல்லர். முனைக்கு முனை 1.9 மீட்டர், நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்று. நுனி என்ன வேகத்தில் போகிறது?

"நொடிக்கு இருநூத்து முப்பத்தொன்பது மீட்டர்," என்று யாரோ சொன்னார்கள்.

"சரி. அந்த நுனி எதுலயாவது இடிச்சா, அந்த அடி எங்க போகும்?"

லோர்னாவுக்குப் பதில் தெரியும். வாய் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாராட்டுப் போதும்.

"பின்னாடி," என்றாள் மரிசோல். "தண்டு வழியா என்ஜினுக்குள்ள."

"கரெக்ட். வெளியில ஒரு கீறல்தான் தெரியும். உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு என்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்."

பிரிட்டா பென்சிலைக் கீழே வைத்தாள். வகுப்பு முடிகிறவரை அதைத் திரும்ப எடுக்கவில்லை. ஐம்பத்துநாலுதான் காரணம் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள்.

*

புகைப்பட வகுப்பில் அந்த வாரத் தலைப்பு 'அசைவு'.

அதற்காகத்தான் நேற்று மாலை லோர்னா ஓடுதளத்து வேலிக்குப் போனாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் மகள் தனியாகப் பறப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால் நின்று, கம்பி இடுக்கில் காமிராவை வைத்து, எழுபத்தொன்று இறங்கியபோது விரலை எடுக்காமல் அழுத்தினாள். விமானம் ஒரு தடவை துள்ளியது. இன்னொரு தடவை துள்ளி மூக்கைக் குத்தியது. பிறகு நேராகி ஓடி நின்றுவிட்டது. எல்லோரும் இப்படித்தான் இறங்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி, பிரிட்டா வருவதற்கு முன் வீட்டுக்கு ஓடி வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள்.

பிரிட்டா வந்து, தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

காமிராவின் சின்னத் திரையில் பார்த்து, வெயில் நன்றாக விழுந்திருந்த படமாக ஒன்றை லோர்னா தேர்ந்தெடுத்து இன்று காலை அனுப்பியிருந்தாள்.

இரண்டேகாலுக்கு அவள் முறை வந்தது. விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க எழுபத்தொன்று நின்றது. சாய்ந்த வெயிலில் உடம்பெல்லாம் செம்பு நிறம்.

யாரோ மெல்ல விசில் அடித்தார்கள்.

"கீழ பாருங்க," என்றாள் ஆசிரியை பெட்ரா. அவள் கையில் இருந்த பச்சை ஒளிப்புள்ளி திரையில் இறங்கி வந்து புரொப்பெல்லரின் நுனியில் நின்றது. "புரொப்பெல்லர் அப்படியே உறைஞ்சு நிக்குது. நுனி தரையைத் தொடற இடத்துல வெள்ளையா ஒரு தூள் விசிறி மாதிரி எழும்புது, தெரியுதா? மாவு தெளிச்ச மாதிரி. அடுத்த நொடி அது இருந்திருக்காது. பத்து நாள் வேலியில காத்துக் கிடந்தாலும் கிடைக்காத படம் இது. லோர்னா, இதுக்காகவே காத்திருந்தீங்களா?"

லோர்னா அந்த ஒளிப்புள்ளியையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரு விமான மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவள். புரொப்பெல்லர் தரையைத் தொடக் கூடாது. அந்த வெள்ளை மாவு ஓடுதளத்தின் காங்கிரீட்.

வகுப்பு கைதட்டியது. ஒருவர் அவள் தோளில் தட்டினார். அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, தட்டிக்கொண்டிருந்த கைகளுக்கு நடுவே வெளியே போனாள்.

*

வராந்தாவிலிருந்து இரண்டு வழி. இடது பக்கம் போனால் பத்து நிமிடத்தில் விமானக் கொட்டகை. வலது பக்கம் கேண்டீன்.

கணவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை, கொட்டகைச் சத்தத்தில் அவருக்கு எப்போதும் கேட்காது. மகளுக்குச் செய்தாள். எடுக்கவில்லை, கல்லூரியில் அம்மாவின் போனை எடுப்பதில்லை. மணி இரண்டு இருபது.

லோர்னா வலது பக்கம் போனாள்.

வியாழக்கிழமை என்றால் கேண்டீனில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் சினமன் ரோலும். பிரிட்டா ஜன்னலோர மேஜையில் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த கிண்ணத்தில் கரண்டி செருகியபடி நின்றது. அம்மா நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"வெளிய வா," என்றாள் லோர்னா.

"அம்மா, நான்தான் சொன்னேனே..."

"வெளிய வா, பிரிட்டா."

தோழிகள் தட்டைப் பார்த்தார்கள். பிரிட்டா எழுந்து வந்தாள். காப்பி இயந்திரத்துக்குப் பின்னால், துடைப்பம் வைக்கிற மூலையில் இருவரும் நின்றார்கள்.

"நேத்து இறங்கறப்போ என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

லோர்னா காமிராவை நீட்டினாள். படத்தைப் பெரிதாக்கி, நுனி தெரிகிற மாதிரி.

பிரிட்டா பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம். "நீ அங்க வந்தியா? வராதேன்னு சொன்னேன்ல. ரெண்டே ரெண்டு விஷயம் கேட்டேன். ரெண்டையும் உன்னால முடியல."

"தப்புதான். நான் வந்தது தப்பு. இது என்ன, அதைச் சொல்லு."

கோபம் நிற்க இடம் இல்லாமல் போயிற்று. பிரிட்டா சுவரில் சாய்ந்தாள். "துள்ளிச்சு. நான் மறுபடி மேல தூக்கிட்டுப் போயிருக்கணும். பயத்துல மூக்கை அழுத்திட்டேன். என்னமோ டக்குன்னு ஒரு சத்தம். ஆனா என்ஜின் ஓடிச்சும்மா. நல்லாத்தான் ஓடிச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அப்பாகிட்ட, கல்லு பட்டுடுச்சுன்னு சொன்னேன். அவர் பார்த்துட்டார். சரி பண்ணிட்டார்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கல்லுன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் கேக்கல."

அப்புறம் அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். சிறு வயதுக்குப் பிறகு அப்படிப் பிடித்ததில்லை. "அதை அழிச்சிடும்மா. உன்னைத் தவிர யாரும் பார்க்கல இல்ல? என்னை எடுத்துடுவாங்க. இயற்பியல்ல ஏற்கெனவே நான் எப்படின்னு பார்த்த இல்ல? ப்ளீஸ்மா."

காமிராவில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. லோர்னாவின் கட்டைவிரல் அதன் பக்கத்தில்தான் இருந்தது. வகுப்பில் பார்த்தவர்கள் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. அழகான படம் என்றுதான் தெரியும். எவ்வளவு நேரம் அந்த விரல் அங்கே இருந்தது என்பதை அவள் பிற்பாடு தன்னிடமே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள முயன்று தோற்றாள்.

கேண்டீன் சுவரில் கடிகாரம் இரண்டு முப்பத்திரண்டு காட்டியது.

"மூணு மணிக்கு அதுல மரிசோல் போறா," என்றாள் லோர்னா.

பிரிட்டா கையை விட்டாள். "யாரு?"

"மரிசோல். முதல் தடவையாத் தனியா."

மகளுக்கு அது தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்று அவள் பட்டியலைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. லோர்னா திரும்பி ஓடத் தொடங்கினாள்.

*

ஓரின் பட்டறை மேஜையில் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதவர் என்று அந்த வட்டாரத்தில் பெயர் எடுத்தவர். பக்கத்து ஊர்க்காரர்கள் மருந்து தெளிக்கிற விமானங்களைக்கூட இவர் பார்த்தால்தான் ஓட்டுவார்கள்.

"எழுபத்தொண்ணு எங்க?" லோர்னாவுக்கு மூச்சு வாங்கியது.

"வெளிய போயிடுச்சு. என்ஜின் போட்டாச்சு. ஏன், என்ன ஆச்சு?"

அவள் காமிராவை அவர் கையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பிரிட்டா கல்லுன்னு சொன்னா," என்றார்.

"அவ என்ன சொன்னான்னு நான் கேக்கல. நீ பார்த்தியே, ஓரின். நீ என்ன பார்த்த?"

வெளியே எழுபத்தொன்றின் சத்தம் சீராகக் கேட்டது. ஓரின் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். 

"ரெண்டு பிளேடுலயும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்துச்சு, லோர். ஒரு கல்லு ரெண்டு பிளேடுலயும் படாது. காலைல அஞ்சரைக்குக் கையை வெச்சப்பவே தெரிஞ்சுபோச்சு." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "அரம் எடுத்து ரெண்டையும் சமமா ராவினேன். கல் பட்ட கீறல், சரிசெய்யப்பட்டதுன்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"அவ கல்லுன்னு சொன்னா. எனக்கு அது கல்லா இருக்கணும்னு இருந்துச்சு."

லோர்னா அவரைத் திட்ட வாய் எடுத்தாள். துடைப்ப மூலையில் தன் கட்டைவிரல் இருந்த இடம் நினைவுக்கு வந்தது. 

"எழுந்திரு," என்று மட்டும் சொன்னாள். "எழுந்து நிறுத்து."

சுவரில் வானொலிக் கருவி இருந்தது. அதில் பேசினால் ஓடுதளத்தில் இருக்கிற எல்லா விமானத்திலும் கேட்கும். அலுவலக ஒலிபெருக்கியிலும் கேட்கும். வேலிக்கு வெளியே பார்வையாளர் பெஞ்சுக்கு மேலேயும் ஒரு ஒலிபெருக்கி உண்டு.

ஓரின் அதன் பொத்தானை அழுத்தினார்.  

"எழுபத்தொண்ணு, இது பட்டறை. என்ஜினை நிறுத்துங்க."

"பட்டறை, எழுபத்தொண்ணு." பயிற்சியாளரின் குரல். "ஓடுதள முனையில நிக்கறோம். இப்பக் கிளம்பப் போறோம். என்ன காரணம்?"

ஓரின் மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புரொப்பெல்லர் தரையில இடிச்சிருக்கு. அது பறக்கக் கூடாத விமானம். எனக்கு அது காலைலயே தெரியும். தெரிஞ்சும் நான் கையெழுத்துப் போட்டுட்டேன். பேசறது ஓரின் ஹெக்ஸ்டாட்."

சில நொடிகள் வெறும் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாக வந்தது.

"எழுபத்தொண்ணு, என்ஜினை நிறுத்தறேன்."

மரிசோல். அப்புறம் அந்தச் சத்தம் நின்றது.

*

விமானப் பயிற்சித் தலைவி டெக்கர் அலுவலகத்திலிருந்து நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. அறுபதை நெருங்குகிற, குரலை உயர்த்தாத பெண்மணி. ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருந்தாள். காமிராவை வாங்கிப் பார்த்தாள். வெளியே இழுத்து வந்து நிறுத்திய விமானத்தின் பிளேடு நுனிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அழகா ராவியிருக்கீங்க, ஓரின்," என்றாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

ஓரின் பட்டறைச் சாவிக்கொத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று லோர்னா ஒரு கணம் எதிர்பார்த்திருந்தாள்.

"திங்கட்கிழமை அரசாங்க இன்ஸ்பெக்டரை வரச் சொல்றேன். உங்க லைசென்ஸ் விஷயம் இனிமே என் கையில இல்ல. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"நேத்து கடைசியா இதை ஓட்டினது யாருன்னு புத்தகத்தைத் திறந்தா எனக்குத் தெரிஞ்சிடும். நான் திறக்கப் போறதில்ல. அஞ்சு மணி வரைக்கும் என் அறையில இருப்பேன்."

"அஞ்சு மணி வேண்டாம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கொட்டகை வாசலில் பிரிட்டா நின்றாள். அம்மாவுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். அப்பா வானொலியில் பேசியதை வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறாள். அப்போது உள்ளே வரக் கால் வரவில்லை.

"நான்தான். அப்பாகிட்ட பொய் சொன்னேன். கல்லுன்னு சொன்னேன்."

"ஏன்?" என்றாள் டெக்கர்.

"எடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

டெக்கர் அவளையே பார்த்தாள். "முப்பத்துநாலு வருஷமா சொல்லிக் குடுக்கறேன். இடிச்சதுக்காக ஒருத்தரைக்கூட நான் எடுத்ததில்ல. உன் வயசுல நானே ரெண்டு தடவை இடிச்சேன். நேத்து என் அறைக்கு வந்து சொல்லியிருந்தா, உன்னை உட்கார வெச்சு, எப்படித் துள்ளிச்சுன்னு படம் போட்டுக் காட்டிட்டு, திங்கட்கிழமை மறுபடி மேல அனுப்பியிருப்பேன்."

பிரிட்டாவின் வாய் கோணியது. அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். தண்டனையே இல்லாத ஒரு காரியத்துக்குப் பயந்து இவ்வளவையும் செய்திருக்கிறோம் என்பதைத் தாங்க முடியவில்லை.

"உன் பறப்புக் குறிப்பேட்டைக் குடு."

கொடுத்தாள்.

"இதுக்கு மேல உன்னைப் பத்தி இன்னிக்கு நான் ஒண்ணும் பேசறதா இல்ல," என்றாள் டெக்கர்.

"மரிசோலுக்கு யார் சொல்லுவாங்க?" என்று கேட்டாள் பிரிட்டா.

"அது என்னையா கேக்கற?"

*

காற்று உண்மையிலேயே அடங்கிவிட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் மரிசோலின் அக்கா சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதுப் பெண் வேலிக் கம்பியில் ஏறி நின்றுகொண்டு, ஏன் அம்மா மேலே போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. மரிசோல் வேலியோரம் நின்றாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். வானொலியில் கேட்டது போக, விமானத்தை இழுத்து வந்தவர்கள் மிச்சத்தைச் சொல்லியிருந்தார்கள்.

நடந்து போகும்போது லோர்னாவின் போன் அதிர்ந்தது. பெட்ரா. 'உங்கள் படத்தை ஐந்தடி அகலத்துக்குப் பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டக் கல்லூரி சம்மதித்துவிட்டது. திங்கட்கிழமை. சரிதானே?' லோர்னா பதில் எழுதாமல் போனைப் பைக்குள் போட்டாள்.

லோர்னா, ஓரின், பிரிட்டா மூவரும் மரிசோல் முன்னால் போய் நின்றார்கள்.  மரிசோல்தான் முதலில் பேசினாள்.

"படம் எடுத்தது நீங்கதானாமே, லோர்னா." கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "நீங்க ஓடி வரலேன்னா நான் இப்போ மேல இருந்திருப்பேன். நன்றிங்கறது சின்ன வார்த்தை."

அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நான் நேரா இங்க ஓடி வரல," என்றாள் லோர்னா. "ரெண்டேகாலுக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முதல்ல கேண்டீனுக்குப் போனேன். இவகிட்ட. இவளை எப்படிக் காப்பாத்தறதுன்னுதான் முதல்ல யோசிச்சேன். உன்னை ரெண்டாவதாத்தான் யோசிச்சேன்."

மரிசோல் கையைப் பிடுங்கவில்லை. விரல் விரலாக, மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

ஓரின் தொப்பியைக் கழற்றினார். "மரிசோல், நான்..."

"உங்க கையெழுத்தைப் பார்த்துட்டுத்தான் ஏறினேன்," என்றாள் அவள். "மத்தவங்களோடதா இருந்தா நானும் ஒரு தடவை கீழ குனிஞ்சு நுனியைத் தடவிப் பார்த்திருப்பேன். உங்களோடதுங்கறதனால பார்க்கல."

 ஓரின் தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரிட்டா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "இடிச்சது நான். மறைச்சது நான். அவர்கிட்டயும் பொய் சொன்னேன். மன்னிச்சிடுன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு..." 

மரிசோல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேத்து ராத்திரி உனக்குத் தூக்கம் வந்துச்சா?"

பிரிட்டா வாயைத் திறந்தாள். வரவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கேட்கிறவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும். தூங்காமல் புரண்டேன், அழுதேன், காலையில் சொல்லலாம் என்றிருந்தேன் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மகளின் அறைக் கதவை இரவு பத்து மணிக்குத் திறந்து பார்த்த லோர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சு," என்றாள் பிரிட்டா. "நல்லாத் தூங்கினேன்."

மரிசோல் தலையை அசைத்தாள். வேலியைச் சுற்றிக்கொண்டு போய், கம்பியிலிருந்து குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அக்காவும் எழுந்தாள். கார் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகிற சத்தம் கேட்டது.

மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.